பிறீமொண்டில் ஒரு புதையல் வேட்டை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாற்றில் நகரத்தில், கப்பற் கால்வாயின் வடகரையை ஒட்டிக் கிடக்கிறது பிறீமொண்ட் என்னும் பகுதி. பிரபஞ்சத்தின் மையம் தம் ஊரே என்று அங்குள்ளோர் கைகாட்டி மரம் நட்டு அறிவித்திருக்கின்றனர். 'விசித்திரமாய் இருக்கும் சுதந்திரம்' என்பது அவர்களது குறிக்கோள் வாசகம். அதையும் வேண்டுமென்றே பிழையான இலத்தீனில் எழுதி மகிழ்கின்றனர். இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க நாம் வழிகாட்டி நூலை நாடவில்லை. புதிர் ஒன்றின் பின்னே நடந்தோம்.

ஜியோகாஷிங் என்பது இன்று உலகெங்கும் ஆடப்படும் தேடல் விளையாட்டு. ஒருவர் சிறு பெட்டியொன்றை ஒளித்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவிப்பார். ஏனையோர் செய்மதிகளின் சமிக்ஞையைத் துணைக்கொண்டு சென்று, உள்ளிருக்கும் ஏட்டிற் பெயரெழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருவர். முன்னர் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கச் செய்திருந்தமையால் 100 மீற்றர் வரை பிழை நேரும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்கியது. மே 3ஆம் திகதியே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்துவிட்டார். அதனுள் அவரை விதை அடைத்த தகரப் பேணியொன்றும் இருந்ததாம்! இவ்விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகம் பிறீமொண்டிலேயே இருக்கிறது.

புதிர்ப் பெட்டிகளுக்கு முழு முகவரி கிடையாது. 47 பாகை 39 கலை வடக்கு என்ற அளவில் நின்றுவிடும். எஞ்சிய மூன்று தசம இலக்கங்களை ஊரிலுள்ள சிலைகளை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். அகலக்கோட்டில் கடைசி இலக்கம் ஒன்று பிழைத்தால் சுமார் 1.85 மீற்றர் தள்ளிப்போவோம். முதல் இலக்கம் ஒன்று பிழைத்தால் 185 மீற்றர். கால்வாய்க் கரையில் இது சிரிக்கத்தக்க விடயமன்று.

முதலில் பாலத்தருகே, வராத ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம். றிச்சர்ட் பெயர் என்னும் சிற்பி அலுமினியத்தில் வார்த்தது. சியாற்றிலையும் எவரெற்றையும் இணைத்த அந்த மின்சார ரயில் 1939இலேயே நின்றுவிட்டது. மனிதர் அறுவர், நாய் ஒன்று என எண்ணிக்கொண்டோம். குனிந்து பார்த்தபோதுதான் அந்நாய்க்கு மனித முகம் இருப்பது தெரிந்தது. ஊரின் 'கௌரவ மேயர்' ஒருவருடன் சிற்பிக்கு மனத்தாங்கல் ஏற்பட்டதன் விளைவு அது என்று கதை சொல்கின்றனர். ஊரார் இச்சிலைகளுக்குச் சட்டையும் தொப்பியும் மாலையும் மாற்றி மாற்றி அணிவிப்பர். பிறந்தநாள் வாழ்த்தும் இவர்கள் கழுத்திலேயே தொங்கும்.

அங்கிருந்து வடகிழக்கே ஏறினால் ஒரோறா பாலத்தின் அடியில் 1990இல் அமைந்த பூதம். கொங்கிறீற்றால் ஆனது, 18 அடி உயரம். கைக்குள் உண்மையான வொக்ஸ்வாகன் கார் ஒன்றைப் பிடித்திருக்கிறது. கண்கள் எத்தனை என்பது வினா. தலைமயிரினிடையே பளபளக்கும் ஒற்றைக் கண் காரின் சக்கர மூடி. பிள்ளைகள் அதன் விரல்களில் ஏறிச் சறுக்குகிறார்கள். ஏறாதே என்று அதட்டுவாரில்லை. கடைச் சுவரிற் சாய்ந்த ரொக்கற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் உடல் பழைய சரக்கு விமானத்தின் வாற்பகுதி என்பது மட்டும் சுவை.

நம்மை நெடுநேரம் நிறுத்தியது லெனின் சிலை. 16 அடி உயர வெண்கலம். எமில் வென்கோவ் வடித்து, செக்கோசிலோவாக்கியாவின் பொப்ராட் நகரில் 1988இல் நிறுவப்பட்டது. மறுவருடமே ஆட்சி கவிழ்ந்தது. பழைய உலோகக் குவியலிற் கிடந்த சிலையை, அவ்வூரில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கரான லூயிஸ் காப்பென்ரர் 13,000 டொலருக்கு வாங்கினார். கடல் கடத்திக் கொணரத் தம் வீட்டையே ஈடு வைத்தார். 1994இல் அவர் விபத்தில் இறந்தார். 1995இல் சிலை இங்கு நிமிர்ந்தது.

அந்த ஆட்சியின் கொடுமைக்குத் தப்பிவந்தோருக்கு இது தினமும் கண்ணில் உறுத்தும் முள். அதன் கைகளிற் பலமுறை சிவப்புச் சாயம் பூசப்பட்டுள்ளது. 2017இல் நகர மேயரே அகற்றவேண்டும் என்றார். ஆனால் நிற்கும் நிலமும் சிலையும் தனியார் உடைமை. முன்னே நின்று படம்பிடிப்போர் சிரித்துவிட்டுப் போகின்றனர். புதிரோ பின்புறத்தையும் பார்க்கச் சொன்னது. சுற்றி வந்தபோது, லெனினைச் சூழ்ந்து நெருப்பும் துப்பாக்கிகளும்! ஏட்டைக் கையிலேந்திய தத்துவஞானியாக அன்றி, வன்முறைப் புரட்சியைக் கொணர்பவராகவே வென்கோவ் அவரைச் செதுக்கியிருந்தார், அதுவும் அந்த ஆட்சியின் செலவிலேயே. சிலை நிற்கலாமா என்ற கேள்விக்கு அது விடையாகாது. சிலையை வெறும் வேடிக்கை என்பாருக்கும் வெறும் புகழ்மாலை என்பாருக்கும் அந்த முதுகுப் பக்கத்தைக் காட்டவேண்டும் என்றே நமக்குத் தோன்றியது.

இலக்கங்கள் கூடிவந்தன. பெட்டி எங்கே கிடைத்தது என்று எழுதுவது இவ்விளையாட்டின் முறையன்று. விரலளவு குழாய், உள்ளே சுருட்டிய தாள், அதில் நெருக்கமாகப் பல கையெழுத்துகள். கடைசிப் பெயரின் கீழ் நம் பெயரைத் தமிழில் எழுதி, தாளைச் சுருட்டி மூடி வைத்தோம்.