தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அடம்பிடிக்கும் பிள்ளையை ‘உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்’ என்று சீண்டாத வீடு எங்கள் அண்ணாகிராமம் பக்கத்தில் அநேகமாக இல்லை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில், அடுத்த குழந்தையைப் பிறரிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவு மலிவாக வாங்கிய பிள்ளையை எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்பது நம்பிக்கை. இன்று அப்படிச் செய்ய நினைப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். தவிடு இப்போது எமன் கண்ணிலும் படக்கூடிய விலைக்கு வந்துவிட்டது.

கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளை வளர்ப்பவர்கள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறோம். தமிழ் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்குப் பட்டினப்பாலையை நினைவூட்டுவதுண்டு. காயும் உணவைக் கொத்தவந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதணியை வீசுகிறாள். அது சிறுவர் உருட்டிவரும் மூன்றுகால் தேரை வழிமறிக்கிறது. வகுப்பில் இதைச் சோழநாட்டுச் செழிப்புக்குச் சான்றாகவே நடத்துகிறோம். கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகு எங்களுக்கு அந்தக் கோழிதான் கண்ணில் படுகிறது. அது கைவைத்தது மனிதருக்கான பங்கில்.

நெல்லை வீட்டிலேயே அவித்து ஹல்லர் மில்லுக்குக் கொண்டுபோன காலத்தில் அந்தப் பங்கீடு தெளிவாக இருந்தது. அரிசி பானைக்கு, நொய் கஞ்சிக்கு, நொய்யில் ஒரு கைப்பிடி குஞ்சுகளுக்கு. தவிட்டை வடிகஞ்சியில் பிசைந்து மாட்டுக்கும் கோழிக்கும் வைப்பார்கள். ஹல்லர் தவிட்டில் உமியும் கலந்திருக்கும், கோழிக்கு அது செரிக்காது. குறையைக் குப்பைமேட்டுப் புழுவும் கரையானும் ஈடுகட்டின.

தவிட்டின் அருமையை உலகத்துக்குச் சொன்னதும் கோழிதான் என்பது பலருக்குத் தெரியாது. ஜாவாவில் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் ஆய்வகக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், படைக்குரிய சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. இந்தத் தடத்தில்தான் பின்னர் வைட்டமின் பி1 கண்டறியப்பட்டது. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. (சமையற்காரருக்கு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை!)

இன்றைய ஆலைகள் உமியை முதலிலேயே தனியாகப் பிரித்துவிடுவதால் தவிடு சுத்தமாக வருகிறது. அதில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய். பச்சரிசித் தவிடாக இருந்தால் ஓரிரு நாளிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆகவே அது நேராக எண்ணெய் ஆலைக்குப் போகிறது. எண்ணெய் இறங்கிய சக்கைதான் தீவனமாகத் திரும்பி வருகிறது. கால்நடை, கோழித் தீவன விலை ஏறியபோது, 2023 ஜூலையில் அந்தச் சக்கையின் ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடைவிதித்தது.

நாமக்கல் பண்ணைகளின் கவலை இதைவிடப் பெரிது. முட்டைக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அதில் பெரும்பகுதி மக்காச்சோளம். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. மக்காச்சோளமும் உடைந்த அரிசியும் வண்டி எரிபொருளாகின்றன. வடிஆலையில் மாவுச்சத்து சாராயமாகப் போன பின் எஞ்சும் சக்கையை உலர்த்தித் தீவனத்தில் கலக்கிறார்கள். தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து என்பதால், சக்கையில் புரதம் மும்மடங்கு செறிந்திருக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஈரத் தானியத்தில் பூஞ்சை விட்டுப்போன நஞ்சும் அதே கணக்கில் செறிகிறது. பெரிய பண்ணை பரிசோதித்து வாங்கும். பத்துக் கோழி வைத்திருப்பவர் எதைக் கொண்டு பரிசோதிப்பது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை, முட்டை விற்ற காசில்தான் மகனின் பள்ளிச் செலவு ஓடுகிறது. மக்காச்சோளம் கட்டுப்படியாகாமல் நொய்யும் கம்பும் கலந்து போட்டார். கோழிகள் குறையில்லாமல் முட்டையிட்டன. மஞ்சள்கரு மட்டும் வெளுத்துவிட்டது. மக்காச்சோளத்தில் உள்ள நிறமி நொய்யில் இல்லை. வாடிக்கைக்காரர்கள் ‘இது நாட்டுமுட்டையே இல்லை’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். நெருப்பில் நின்று சத்தியம் செய்தாலும் நம்பாத முகங்கள்.

“சத்து இருக்குதா இல்லையான்னு யாரு சார் பாக்குறா? கலருதான் பாக்குறாங்க” என்றார் எங்களிடம். இப்போது முருங்கைக்கீரையை உருவி நொய்யோடு பிசைந்து வைக்கிறார். இரண்டு வாரத்தில் கரு மஞ்சளுக்குத் திரும்பியது. எங்கள் கொல்லை முருங்கையின் தாழ்ந்த கிளைகள் அன்றிலிருந்து மொட்டையாகவே நிற்கின்றன.