மோப்பத்தின் மாண்பு

புனே நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஜெஜூரி என்னும் குன்றுத் தலம் உள்ளது. மஞ்சட்பொடி மழையில் திளைத்து நிற்கும் கண்டோபாவின் திருக்கோயிலைக் கண்டிராதார் நம்மவருள் சிலரே இருப்பர். இத்தெய்வத்தை மார்த்தாண்ட பைரவரின் வடிவம் என்று மராத்தியப் பெருமக்கள் போற்றுவர். திருவுருவப் படங்களில் அவர் குதிரைமேல் வர, உடன் ஒரு நாயும் ஓடி வரும். நம் ஊர்ச் சிவாலயங்களில் வடகிழக்கு மூலையில் நிற்கும் பைரவருக்கும் நாயே ஊர்தி. மொழி வேறாயினும் இரு நாட்டாரும் நாய்க்குத் தெய்வத்தின் அருகில் இடம் தந்தனர். ஆயினும், கோயிலில் அதனைக் கண்டு கும்பிட்ட கையே தெருவில் கண்டதும் கல்லைத் தேடுகின்றது.

தெருநாய்க்கு நேர்ந்த இழிவு அதன் பெயரிலேயே தொடங்கியது. ஆங்கிலேயர் இந்நாட்டு நாயை அழைக்கக் கையாண்ட 'பரையா' என்னும் சொல், தமிழகத்தில் உழைத்து வாழ்ந்த ஒரு மக்கட் பிரிவின் பெயரினின்றும் எடுக்கப்பட்டதாகும். மனிதரையும் விலங்கையும் ஒருசேரத் தாழ்த்திய அச்சொல்லை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் நாணுகிறது. பிறப்பைக் கொண்டு ஓர் உயிரை எடைபோடும் வழக்கம் எத்துணைப் பிழையானது என்பதனை, மோப்பம் என்னும் கலை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

நாயின் மூக்கு இயற்கை வகுத்த ஓர் அற்புதக் கருவி. நாம் மூச்சை விடும்பொழுது உள்ளே வந்த மணமும் உடன் வெளியேறிவிடும். நாயோ மூக்கின் இருபுறத்துக் கீற்றுகள் வழியே மூச்சை விடுகிறது. ஆகவே முன்புறமிருந்து புதிய மணம் இடையறாது உள்ளே வந்துகொண்டிருக்கும். மனிதனுக்கு மணமறியும் உணர்செல்கள் சில பத்து இலட்சங்களே. நாய்க்கோ அவை கோடிக்கணக்கில் உள்ளன. நாம் கண்ணால் உலகைப் படிக்கிறோம். நாய் மூக்கால் படிக்கிறது.

இக்கலைக்கும் நாம் வாழும் இந்நகருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1993-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் மும்பை மாநகர் தொடர் குண்டுவெடிப்புகளால் குலுங்கியது. அப்பொழுது வெடிக்காது மறைந்திருந்தவற்றைக் கண்டறிந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது 'ஜஞ்சீர்' என்னும் லாப்ரடார் நாய். அது பயின்றது இங்கே புனேயில், குற்றப் புலனாய்வுத் துறையின் நாய்ப் பயிற்சி மையத்தில். அது கண்டுபிடித்த வெடிமருந்து 3,329 கிலோ என்பது பதிவு. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அது மறைந்தபோது காவல்துறையினர் முழு மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

காவல்துறையில் வழங்கிவந்த இப்பயிற்சியை இல்லத்து நாய்களுக்கும் உரிய விளையாட்டாக 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மூவர் வகுத்தனர். பூர்ச்ச மரம், சோம்பு வகை, கிராம்பு ஆகியவற்றின் மணங்களே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பின்னிரண்டும் நம் தாய்மாரின் சமையலறையில் என்றும் உள்ளவை அல்லவா! மணம் ஏற்றிய பஞ்சைச் சிறு தகரச் சிமிழில் இட்டு, பெட்டிகளிடையிலோ, அறைக்குள்ளோ, வண்டியின் அடியிலோ மறைத்து வைப்பர். நாய் அதனைக் கண்டு குறிப்பால் உணர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நாயே களத்தில் இறங்கும். ஆதலின் பிற நாய்களைக் கண்டு அஞ்சுவதற்கும் இங்கே இடமுண்டு. கைவிடப்பட்டு மீட்கப்பட்ட நாய்களுள் சிறந்து விளங்குவதைப் பாராட்டுதற்கென்றே அப்போட்டிகளில் 'ஹாரி விருது' என ஒன்று வழங்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் நாங்கள் அறிய நேர்ந்தது கறுப்பியின் பொருட்டு. ஒரு மழைக்காலத்தில், எம் குடியிருப்பில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் அடியில் கால் ஒடிந்து கிடந்த தெருக்குட்டி அது. எலும்பு கூடியது, அச்சம் மட்டும் ஆறவில்லை. துடைப்பத்தை எடுத்தால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும். தட்டு விழும் ஓசைக்கே உடல் நடுங்கும். நாய்ப் பழக்கம் அறிந்த அன்பர் ஒருவர், அட்டைப் பெட்டிகள் சிலவற்றைப் பரப்பி, ஒன்றில் அவித்த முட்டைத் துண்டை வைத்துத் தேட விடுமாறு கூறினார். அதட்டலும் இழுப்பும் கூடாது என்பது அவர் விதித்த ஒரே நெறி.

முதல் நாள் அது பெட்டியை அணுகவே அரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் வாரத்தில், பெட்டிகளை எடுக்கும் ஓசை கேட்டே கட்டிலின் அடியிலிருந்து ஓடி வந்தது. பின்னர் முட்டையின் இடத்தைக் கிராம்புச் சிமிழ் பெற்றது. கண்டுபிடித்தவுடன் முட்டை பரிசாயிற்று. நண்பர்கள் கூடி ஒரு விடுமுறை நாளில் சிறு போட்டி நடத்தினோம். முதலிடம் வேறொரு நாய்க்குச் சென்றது. எனினும், அறிமுகமற்ற முப்பது பேர் சூழ்ந்து நிற்க, கறுப்பி வாலை நிமிர்த்திக்கொண்டு படிக்கட்டின் இடுக்கிலிருந்த சிமிழின் முன் அமர்ந்ததே, அது எங்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இஃது எம் வீட்டுப் பெருமை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அறிஞர் துராந்தோனும் ஹோரோவிட்சும் இல்லத்து நாய்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு இரு வாரங்கள் மோப்பம் பழகியது. மற்றொன்று உரிமையாளரின் காலடியொட்டி நடக்கப் பழகியது. பிறகு, உணவு உண்டோ இல்லையோ என ஐயுறத்தக்க கிண்ணம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, மோப்பம் பழகிய நாய்கள் முன்னினும் விரைந்து சென்றன. தானே தேர்ந்து தானே கண்டடையும் பணி, நாயின் உள்ளத்தில் நம்பிக்கையை விதைக்கிறது என்பதே இதன் கருத்து.

நம் நாட்டுக் காவல்துறையினரும் இதனை உணரத் தலைப்பட்டுள்ளனர். மேற்கு வங்கக் காவல்துறை 'ஆஷா' என்னும் தெருநாயையும், உத்தரகண்டுக் காவல்துறை 2019-இல் 'டெங்கா' என்னும் தெருநாயையும் பயிற்றிப் பணியில் அமர்த்தின. 2024-இல் லக்னோவில் நடைபெற்ற அனைத்திந்தியக் காவல் பணித்திறன் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் 'ரியா' என்னும் முதோள் நாய் வெளிநாட்டு இனங்கள் பலவற்றை வென்று முதற்பரிசு பெற்றது.

தெருநாய்களால் துன்பமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. வெறிநாய்க்கடியின் கொடுமை மெய். பள்ளி செல்லும் குழந்தையின் அச்சமும் மெய். 2025-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே இச்சிக்கலை ஆராய நேர்ந்தது. தடுப்பூசியும் கருத்தடையும் நாம் தவிர்க்கலாகாத கடமைகள். ஆயினும், ஒரு நாய்க்குத் தொழில் ஒன்று கிடைத்தால் அதன் இயல்பு எவ்வளவு மலர்கிறது என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் வந்து குடியேறிய நம் முன்னோர், மராத்தி அறியாது, உறவு காணாது, கைத்தொழில் ஒன்றையே துணையாகக் கொண்டு இங்கே காலூன்றினர். எந்த ஊரார், எக்குலத்தார் என்று கேட்டவர்களுக்கு அவர்தம் உழைப்பே விடை கூறிற்று. அவ்வழி வந்த நாம், வாயிலில் வந்து நிற்கும் உயிரிடம் அதன் குலத்தைக் கேட்பது தகுமோ? நம் பிள்ளைகள் விடுமுறையில் நான்கு அட்டைப் பெட்டிகளும் ஓர் உணவுத் துண்டும் கொண்டு இவ்விளையாட்டைத் தொடங்கலாம். அதட்டாமல் காத்திருக்க அவர்களும் கற்பர். அஞ்சாமல் தேட அந்நாயும் கற்கும்.