பூனைக்கும் ஒரு சங்கம்

"சனத்துக்கே வழியில்லாமல் கிடக்கு, நீங்கள் பூனைக்குப் பீ அள்ளப் போறியளோ?"

இதை எங்களிடம் கேட்டது டெனிஷ்காரர் அல்ல. எங்களுடைய ஆட்கள்தான். கேட்டவர்கள் கெட்டவர்களும் அல்ல. வன்னியில் தமக்கை குடும்பத்துக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறவர்கள், வெள்ளம் வந்தால் அரிசிக்குச் சேர்க்கிறவர்கள். கேள்வி நியாயமானது. அதனால் சிரித்துக் கடத்தாமல் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கறுப் ஆறு வந்து லிம்ஃபியோர்ட் கடலேரியில் கலக்கிற இடத்தில், சாலிங் தீபகற்பத்தின் வாசலில் இருக்கிற சின்ன நகரம் ஸ்கீவ. நாங்கள் மூன்று பேர் இங்கே றெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்கிறோம். திங்கட்கிழமை குசினி பூட்டு. அன்றைக்குக் காலையில் ஊருக்கு வெளியே, பழைய மாட்டுத் தொழுவமொன்றைத் திருத்தி அமைத்த பூனைக் காப்பகத்துக்குப் போகிறோம். சம்பளம் வாங்குகிற ஒருவரும் அங்கே இல்லை. நடத்துகிற அம்மாவும் இல்லை. அவர் ஓய்வுபெற்ற மருத்துவத் தாதி.

பூனைகள் பல வழியாக வருகின்றன. பண்ணைத் தொழுவங்களில் பெருகியவை, கிழவர் இறந்த வீட்டில் மிஞ்சியவை, கோடை வீட்டுக்குக் கொண்டுவந்து சோறு வைத்துவிட்டு ஆவணியில் விட்டுப் போனவை. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது கிழமையில் குட்டி போடும். வருடத்துக்கு இரண்டு தரம், சிலவேளை மூன்று தரம். ஆகவே கோடை முடிகிறபோது தொழுவம் நிரம்பி வழிகிறது. அதே யூலை மாதத்தில்தான் நாடு முழுவதும் விடுமுறையில் போகிறது, தொண்டர்களும் போகிறார்கள். காசு கூடுதலாக வருவது நத்தார் நாட்களில். குட்டிகள் வருவதோ கோடையில். இந்த இடைவெளியைத் தாண்டுவதுதான் காப்பகத்தின் முழுக் கெட்டித்தனமும்.

வேலை எங்களுக்குப் பழகிய வேலைதான். கூடு கழுவுவது, கிண்ணம் கழுவுவது, மண் மாற்றுவது, பழைய துவாய் தோய்ப்பது. முதலில் சுகமான பூனைகளின் அறை, கடைசியில்தான் தடிமன் பிடித்தவற்றின் அறை. மாறிப் போனால் ஒரு கிழமைக்குள் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடும். பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, மரக்கறிக்கு ஒரு பலகை என்று நிற்கிற எங்களுக்கு இதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குசினியில் மிஞ்சுகிற கறி சோற்றைக் கொண்டு வரலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார் அந்த அம்மா. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்குமாம். ஊரில் பழஞ்சோறும் மீன்முள்ளும் தின்று வளர்ந்த பூனைகளை நினைத்துக்கொண்டோம்.

இனிக் காசு. பெரிய செலவு தீனி அல்ல, மிருக வைத்தியர். ஒவ்வொரு பூனைக்கும் கருத்தடை, ஊசி, தோலுக்கடியில் இலக்கம். பூனையை எடுத்துப் போகிறவர் கொடுக்கிற கட்டணம் இந்தச் செலவைச் சரிக்கட்டாது. மிச்சத்தைச் சில்லறையாகத்தான் சேர்க்கிறார்கள். அங்கத்துவப் பணம், பழைய சாமான் விற்கிற கடை, வெற்றுப் போத்தல். இந்த நாட்டில் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 1 குரோணர், 1.50, பெரியதற்கு 3. ஒரு சாக்குப் போத்தல் ஒரு பூனையின் சில நாள் சாப்பாடு. நாங்களும் குசினியில் வேலை செய்கிறவர்கள் குடித்த சோடாப் போத்தல்களைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இது ஸ்கீவயில் மட்டும் நடக்கிற அதிசயம் அல்ல. டென்மார்க்கின் விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் 1875இல் தொடங்கியது. பூனைகளுக்கென்றே ஒரு சங்கம் 1934இல் வந்தது. இன்றைக்கும் காயப்பட்ட மானையோ பறவையையோ றோட்டில் கண்டால் 1812 என்ற இலக்கத்துக்கு அடித்துச் சொல்லலாம். பெரிய சங்கங்களுக்குக் கிடைக்கிற காசில் கணிசமான பங்கு உயில்களால் வருகிறது. பிள்ளை குட்டி இல்லாத கிழவிகள் வீட்டை விற்ற காசை நாய்க்கும் பூனைக்கும் எழுதி வைக்கிறார்கள். எங்களூரில் கோயிலுக்குத் தோட்டக்காணி எழுதி வைத்தவர்களை நினைத்தால் இது விளங்காத விடயம் அல்ல.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழக்கம் இருக்கிறது. 1849 அரசியலமைப்பு இங்கே சங்கம் சேரும் உரிமையைக் கொடுத்தது. 1882இல் மேற்கு யூட்லாண்டில் உள்ள ஹெடிங் என்ற கிராமத்தில் கமக்காரர் சேர்ந்து முதல் கூட்டுறவுப் பாற்பண்ணையைத் தொடங்கினார்கள். பத்து மாடு வைத்திருந்தவனுக்கும் நூறு மாடு வைத்திருந்தவனுக்கும் ஒரே வாக்கு என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. அதன் பிறகு பந்து விளையாடவும் பாட்டுப் பாடவும் பூனை வளர்க்கவும் சங்கம்தான். எங்களிடமும் சங்கக் கடை இருந்தது, சனசமூக நிலையம் இருந்தது. வாசிகசாலைத் திண்ணையில் பேப்பர் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும்.

வித்தியாசம் எங்கே என்பது காப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனபோது தெரிந்தது. இருபது பேரளவில் இருந்தார்கள். கோப்பி, கேக். பொருளாளர் எழும்பி வரவையும் செலவையும் வரிவரியாக வாசித்தார். பின்வரிசையில் இருந்த ஒரு கிழவர், பெயின்ற் வாங்கிய 300 குரோணருக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். பொருளாளருக்கு முகம் சுருங்கவில்லை. கோப்பைப் புரட்டி எடுத்துக் காட்டினார். கிழவர் நன்றி சொல்லிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டார்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சனம் கொடுக்காத சனம் அல்ல. போராட்டத்துக்குக் கொடுத்தது, புனர்வாழ்வுக்குக் கொடுத்தது, சுனாமிக்குக் கொடுத்தது, கோயிலுக்குக் கொடுத்தது. குளிரில் துப்புரவு வேலை செய்து, கடன் எடுத்துக்கூடக் கொடுத்தது. கதவைத் தட்டி வந்தவர்களிடம் கணக்குக் கேட்டவனுக்கு என்ன பெயர் வைக்கப்பட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2009க்குப் பிறகும் அந்தப் பணத்துக்கு ஒரு கூட்டத்திலும் கணக்கு வாசிக்கப்பட்டதை நாங்கள் காணவில்லை. பூனைக்குக் கொடுத்த 300 குரோணருக்குக் கணக்கு இருக்கிறது. மனிதருக்கென்று கொடுத்ததற்கு இல்லை. முதலில் கேட்ட கேள்விக்கு எங்களுடைய பதிலில் பாதி இதுதான்.

மற்றப் பாதி கடன். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆட்கள் இந்நாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். 1987இல் நீதியமைச்சராயிருந்த எரிக் நின் ஹன்சன் தமிழரின் குடும்ப இணைவு மனுக்களை நிறுத்தி வைத்தார். அந்த விவகாரத்தில் 1993 தையில் ஷ்லூட்டர் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் விசேட நீதிமன்றம் நின் ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிற கதை. பாடப்புத்தகத்தில் இல்லாதது, அதே வருடங்களில் மாலையில் வந்து மொழி சொல்லிக் கொடுத்தவர்கள், பிள்ளைக்குச் சைக்கிள் தேடித் தந்தவர்கள், கொம்யூன் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தியவர்கள். அவர்களும் சம்பளமில்லாத தொண்டர்கள். பிந்தி வந்த எங்களுக்கும் முதல் குளிர்கோட்டு அப்படியான ஒரு பழைய சாமான் கடையிலிருந்துதான் கிடைத்தது. வாங்கிய ஆளிடமே கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வேறொரு கதவில்தான் கொடுக்கலாம்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நிரந்தர வதிவிட உரிமைக்கான மேலதிக நிபந்தனைகளில் ஒன்று 'செயலூக்கமான குடியுரிமை'. ஒரு வருடம் சங்கங்களில் பங்கெடுத்ததைக் காட்டலாம், அல்லது ஒரு சோதனை பாஸ் பண்ணலாம். 2019இல் சட்டம் மாறி, அகதியின் வதிவிடமே தற்காலிகமானது என்று ஆனபின் அந்தக் கடதாசிக்குப் பெறுமதி கூடிவிட்டது. கடிதத்துக்காகவே காப்பகத்துக்கு வந்த ஒரு தம்பியும் இருந்தார். எட்டு மாதம் வந்தார், சோதனை பாஸானதும் நின்றுவிட்டார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவிடம் சொன்னோம். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "அவர் கழுவின கிண்ணம் சுத்தமாத்தானே இருந்தது" என்றார்.

இதை வைத்து இவர்களைத் தெய்வமாக்கவும் நாங்கள் விரும்பவில்லை. இரக்கத்தால் கூடு கட்ட முடியாது. போன கோடையில் அந்த அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆறு கிழமை புதுப் பூனை எடுக்கவில்லை. ரெலிபோனில் "இடமில்லை" என்று சொல்லுகிற வேலை எங்களில் ஒருவருக்கு வந்தது. எத்தனையோ அலுவலகங்களில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் நாங்கள். சொல்லுகிற பக்கத்தில் நின்று பார்த்தபோது அதுவும் லேசாக இருக்கவில்லை. தொண்டர்களில் அரைவாசிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பிறகு யார் என்பதற்குப் பதில் இல்லை.

ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னையில் நீலச் சிலுவைச் சங்கத்தைக் கப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கினார். சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் அமைத்தது. இயக்கச்சி என்றதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சண்டையும் ஆனையிறவும்தான். 1995 ஐப்பசி 30இல் வலிகாமச் சனம் வெளிக்கிட்டபோதும், பிறகு வன்னிச் சனம் முள்ளிவாய்க்கால்வரை நடந்தபோதும், சங்கிலியை அவிழ்த்துவிட்டு "எங்கையாவது பிழைச்சுக்கொள்" என்று நாய்க்குச் சொல்லிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். இடம்பெயர்ந்த சனத்துக்குக் கைவிடப்பட்ட மிருகத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வருகிற பங்குனியில் காப்பகத்தின் ஆண்டுக் கூட்டம். கணக்குப் பரிசோதகராக எங்களில் ஒருவரை நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தரம் பற்றுச்சீட்டுகளையும் கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற வேலை. சம்மதித்திருக்கிறோம். வேலை பழகினால் எங்கள் சங்கங்களிலும் இதைக் கேட்கலாம் என்று ஒரு எண்ணம். பெயர் வைப்பார்கள். வைக்கட்டும்.