மூச்செடுக்கும் வேளையில்



ஜெர்மனிப் பயணத்தைப் பற்றி எழுதும்படி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். திருச்சபைகளின் ஆலோசனைக் கூட்டத்தில் பேசப்பட்டவற்றைச் சேகரக் கமிட்டிக்கு எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும் ஜூன் மாதத்தையும், நல்ல தேநீருக்காக நான் அலைந்ததையும் நேரில் சந்திக்கும்போது சொல்லுகிறேன். லைப்சிக் நகரின் ஓர் ஆலயத்தில் நான் கேட்ட பாடலைப் பற்றியே எழுத விரும்புகிறேன். திரும்பி வந்தபின் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதைப்பற்றிச் சொன்னபோது, மூப்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, அவர்கள் பாட, ஜனங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அது ஆராதனையா, கச்சேரியா?" அன்று நேரமாகிவிட்டபடியால் சுருக்கமாக ஏதோ சொன்னேன். கேள்வி அத்தனை சுருக்கமானதல்ல.

லைப்சிக் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. அங்கிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஹாலே நகரில் கல்வி கற்றவரே 1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர். பின்னாளில் தரங்கம்பாடி ஊழியத்தை ஏற்றுக்கொண்ட மிஷன் 1848 முதல் லைப்சிக்கைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த பெப்ரீசியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தார். பெரிய வெள்ளிக்கிழமையன்று, முள்முடி சூட்டப்பட்ட சிரசை நோக்கி நாம் பாடும் ஞானப்பாட்டின் ராகமும் அத்தேசத்திலிருந்து வந்ததே. அது 1601 ஆம் ஆண்டு ஹாஸ்லர் என்பவர் ஒரு காதல் பாடலுக்காக இயற்றிய ராகம் என்றால் சிலர் முகம் சுளிப்பீர்கள். ஆனால் அந்த ராகத்தைத்தான் யோகான் செபாஸ்டியன் பாக், மத்தேயு சுவிசேஷத்தின்படியான பாடுகளுக்கு இசை அமைத்தபோது ஐந்து முறை பயன்படுத்தினார்.

அந்தப் பாக் 1723 முதல் 1750 இல் தாம் மரிக்கும்வரை, 27 ஆண்டுகள் இசை ஊழியம் செய்த ஆலயமே லைப்சிக்கின் பரிசுத்த தோமா ஆலயம். 1539 ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளில் மார்ட்டின் லூத்தர் அங்கே பிரசங்கித்திருக்கிறார். செங்குத்தான கூரை, உள்ளே வெண்சுவர்களின்மேல் செந்நிற விலா வளைவுகள், பலிபீடத்திற்கு முன்னே தரையில் பாக்கின் பெயர் மட்டும் பொறித்த ஒரு வெண்கலப் பலகை. அவருடைய எலும்புகள் வேறோர் ஆலயத்திலிருந்து கொண்டுவரப்பட்டு 1950 முதல் அங்கே இருக்கின்றன. அதன்மேல் யாரோ பூக்களை வைத்திருந்தார்கள். (பாக் தம் இசைத்தாள்களின் முடிவில் எழுதிய மூன்று எழுத்துகளைப் பற்றி நான் இரண்டு முறையாவது பிரசங்கித்திருக்கிறேன். அதை மறுபடியும் சொல்லமாட்டேன், அஞ்ச வேண்டாம்.)

அந்த ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழு 1212 ஆம் ஆண்டு தொடங்கியது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்கள் வருகிறார்கள், குரல் உடைகிறது, டெனரும் பாஸும் பாடுகிறார்கள், பள்ளிப்படிப்பு முடிந்து போகிறார்கள், வேறு சிறுவர்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும் அவர்கள் பாடுகிறார்கள். நுழைவுச்சீட்டு என்று தனியே ஒன்றில்லை. சில யூரோ கொடுத்து நிகழ்ச்சித்தாளை வாங்கிக்கொண்டால் உள்ளே போகலாம். சுற்றுலாப் பயணிகளும் அவ்வூர் மக்களும் கலந்து அமருகிறார்கள். வேதவாசிப்பு உண்டு, சிறு செய்தி உண்டு, ஜெபமும் ஆசீர்வாதமும் உண்டு, சபையார் எழுந்து பாடும் ஒரு ஞானப்பாட்டும் உண்டு. ஆகவே மூப்பரின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி நேரம் நாம் மௌனமாய் அமர்ந்திருக்கிறோம் என்பது மெய். பாடகர் குழு நமக்குப் பின்னால், மேற்குப்புற மாடத்தில் நிற்கிறது. பாடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். முன்னே தெரிவது பலிபீடம் மட்டுமே. குரல் பின்னாலிருந்து வந்து தோளின்மேல் விழுகிறது.

நான் சென்ற வெள்ளிக்கிழமை அவர்கள் பாடியது, இயேசுவைத் தன் மகிழ்ச்சி என்று அழைக்கும் பழைய ஞானப்பாட்டின்மீது பாக் அமைத்த நீண்ட பாடல். ஐந்து குரல்களுக்கானது, பதினொரு பகுதிகளை உடையது. ஞானப்பாட்டின் ஆறு சரணங்களுக்கு இடையிடையே ரோமர் எட்டாம் அதிகாரத்திலிருந்து ஐந்து வசனங்களை அவர் வைத்திருக்கிறார். ஒரு அடக்க ஆராதனைக்காக எழுதப்பட்டது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆய்வாளர்களுள் இதை எல்லாரும் ஏற்பதில்லை. எதற்காக எழுதப்பட்டிருந்தாலும், மரணத்தின் வாசலில் நிற்கிறவனுக்குப் புரியும் பாடல் அது.

இரண்டாம் பகுதியில், கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்னும் வசனம் வருகிறது. அதில் "இல்லை" என்பதற்கான ஜெர்மன் சொல்லைப் பாக் திரும்பத் திரும்பப் பாடவைக்கிறார். ஒவ்வொரு முறையும் அச்சொல்லுக்குப் பின் ஒரு சிறு மௌனம். என்னுடைய ஜெர்மன் அறிவு இறையியல் கல்லூரியில் அகராதியின் உதவியோடு கற்ற அளவே. அந்த ஒரு சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த மௌனங்களில், கல்தூண்களுக்கிடையே எதிரொலி அடங்குவதைக் கேட்கலாம். ஐந்தாம் பகுதியிலோ அதே ஞானப்பாட்டு, பழைய வலுசர்ப்பத்தையும் மரணத்தையும் எதிர்த்து நின்று சவால் விடுகிறது. பத்து வயதுச் சிறுவர்கள் மரணத்தை அதட்டுகிறார்கள்!

என் தாயார் சென்ற ஜனவரி மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததை நீங்கள் அறிவீர்கள். அடக்க ஆராதனையில் நீங்கள் எங்களோடு நின்றீர்கள். அதற்குப் பின் நடந்த ஒன்றை உங்களில் சிலர் கவனித்துவிட்டு, நாகரிகத்தினால் கேட்காமல் இருந்தீர்கள். என்னால் பாட முடியவில்லை. பிரசங்கம் செய்ய முடிந்தது. திருவிருந்து பரிமாற முடிந்தது. பிறர் வீட்டுத் துக்கத்தில் ஜெபிக்கவும் முடிந்தது. ஆர்கன் ஒலித்தவுடன் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஐந்து மாதங்கள், பாட்டுப்புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியபடி உங்களுக்கு முன்பாக நின்றேன். போதகர் ஜனங்களுக்கு முன்பாக நிற்கிறவர். அவர் ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை கிடையாது.

லைப்சிக்கில் எனக்குக் கடைசிக்கு இரண்டாம் வரிசை கிடைத்தது. என்னிடம் ஒருவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பின்னால் சிறுவர்கள் பாடினார்கள். நான் பாடாதது அங்கே குறையாகத் தெரியவில்லை.

அப்போது என் தாயாரின் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் எங்கள் ஊர் ஆலயத்தில் நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆல்டோ பாடியவர். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு அவருக்கு வாசிக்கத் தெரியாது. சோல்ஃபா எழுத்துகளை நோட்டுப்புத்தகத்தில் பென்சிலால் எழுதிவைத்துப் பழகுவார். நான் சிறுவனாய் அவர் பக்கத்தில் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருக்கிறேன். நீண்ட சுரம் ஒன்று வரும்போது, பக்கத்தில் நிற்கும் அத்தையை முழங்கையால் மெல்ல இடித்து, "நீ மூச்ச எடுத்துக்க, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்பார். அத்தை மூச்செடுத்துக்கொண்டு திரும்பி வந்தவுடன் அம்மா நிறுத்துவார். ஆலயத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் காதில் ஒரே நீண்ட சுரம்.

இது எங்கள் ஊர்த் தந்திரமல்ல. உலகத்தின் எல்லா நல்ல பாடகர் குழுக்களும் கற்றுக்கொள்ளும் முறையே. எந்த மனிதனின் மூச்சும் தாங்காத நீளத்துக்குச் சுரங்களை எழுதுகிறவர்கள் உண்டு. அவற்றைப் பாடும்போது எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டு அறுந்துவிடும். ஆகவே ஒருவர் நிறுத்தும்போது மற்றவர் பாடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தியவர் சொல்லின் தொடக்கத்தில் பலமாக நுழையாமல், ஓசையின் நடுவே சத்தமில்லாமல் திரும்ப வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். தனிப்பாடகருக்கு இந்தச் சலுகை இல்லை. குழுவாய்ப் பாடுகிறவர்களுக்கு மட்டுமே உண்டு.

அந்த வரிசையில் அமர்ந்திருந்தபோது, ஐந்து மாதங்களாக நீங்கள் எனக்குச் செய்துவந்தது இதுதான் என்று கண்டுகொண்டேன். நான் மூச்செடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். ஆண்டவர் "அவர்களுடைய" விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷகன் எழுதுகிறான். படுக்கையில் கிடந்தவனிடத்தில் அன்று எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று எழுதப்படவில்லை. அந்தப் பன்மைச் சொல்லை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இம்முறை நான் படுக்கையில் இருந்து அதைக் கேட்டேன். ரோமர் எட்டாம் அதிகாரமும் நமக்காக வேண்டுதல் செய்கிற ஒருவரைப் பற்றியே பேசுகிறதல்லவா? நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாத வேளையில், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்பது அங்கேதான் வருகிறது. பாக் அந்த 26 ஆம் வசனத்தைத் தம் பாடலில் சேர்க்கவில்லை. ஆனால் பதினொரு வயதுக்குள் தாயையும் தகப்பனையும் இழந்தவர் அவர். 1720 இல், பிரபுவோடு சென்ற பயணத்திலிருந்து வீடு திரும்பியபோது, தம் மனைவி இறந்து அடக்கம்பண்ணப்பட்டுவிட்டதை அறிந்தவர். அவருக்குப் பிறந்த இருபது பிள்ளைகளில் பத்துப்பேரே வளர்ந்து ஆளானார்கள். அடைத்துக்கொண்ட தொண்டை எப்படியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருந்திராது.

பதினோராம் பகுதியில் முதற்பகுதியின் இசை அப்படியே திரும்ப வருகிறது. சொற்கள் மட்டுமே வேறு. அதற்குப்பின் சபையார் எழுந்து பாடும் ஞானப்பாட்டு. நிகழ்ச்சித்தாளில் வார்த்தைகள் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டாம் சரணத்தின் நடுவில் எங்கோ என் குரல் சேர்ந்துகொண்டது. எந்தச் சொல்லில் என்று எனக்கே தெரியாது. பக்கத்திலிருந்த முதிய பெண்மணி, இந்த அந்நியன் ஜெர்மன் சொற்களைச் சிதைப்பதைக் கேட்டும் கேளாததுபோல் நின்றார். வெளியே வந்தபோது, மாலுமிச் சட்டை அணிந்த சிறு பையன்கள் படிகளில் துள்ளி ஓடினார்கள். ஒருவனுக்குக் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது.

மூப்பரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். அவருடைய கவலை நியாயமானது. பாட்டைக் குருமார்களிடமிருந்தும் பயிற்சி பெற்றவர்களிடமிருந்தும் எடுத்து ஜனங்களின் வாயில் வைத்ததற்காகவே நாம் லூத்தருக்கு நன்றி சொல்லுகிறோம். தலைமுறை தலைமுறையாகச் சிலர் மட்டும் பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சபை ஊமையாகிவிடும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவன் எப்போதும் சும்மா இருக்கிறான் என்று எண்ணாதீர்கள். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார். ஒருவருக்கொருவர் என்றால், பாடுகிறவர் இருக்கவேண்டும், அதைக் கேட்கிறவரும் இருக்கவேண்டும். அந்த இடங்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் கமிட்டியில் சில மாதங்களாகப் பேசப்பட்டுவரும் காரியத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாடகர் குழுவில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே பதிவு செய்யப்பட்ட இசையை ஒலிபெருக்கியில் வைத்து, வார்த்தைகளைத் திரையில் காட்டினால் போதும் என்பது ஒரு யோசனை. செலவு குறையும், சுருதி தவறாது, ஞாயிறு காலை யார் வந்தார், யார் வரவில்லை என்ற தவிப்பும் இராது. இவையெல்லாம் உண்மை. ஆனால் அந்த இசை யாருக்காகவும் காத்திராது. நீங்கள் நிறுத்தியதும் அதற்குத் தெரியாது, திரும்பி வந்ததும் தெரியாது. உங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க அங்கே ஒருவரும் இல்லை. கணவரை அடக்கம்பண்ணிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியே வந்து அமரும் ஒரு தாய்க்கு, முழுச் சுருதியோடு பாடும் இயந்திரத்தைவிட, சற்றே சுருதி தவறிப் பாடும் பக்கத்து வீட்டுக்காரி மேல் என்பதே என் எண்ணம். கமிட்டியில் என் வாக்கு எந்தப் பக்கம் என்பது இதிலிருந்து விளங்கியிருக்கும். மாற்றுக்கருத்து உடையவர்கள் என்னிடம் வந்து பேசலாம். தேநீர் நான் தருகிறேன்.

இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலயத்தில் பாடல் பயிற்சி மீண்டும் தொடங்குகிறது. இப்போது சோப்ரானோவில் ஆறு பேர், பாஸில் இரண்டு பேர், டெனரில் ஒருவர், அவரும் இரவுப்பணி இல்லாத வாரங்களில் மட்டும். ஆல்டோவில் ஒருவரும் இல்லை. சோல்ஃபா தெரியாதவர்களுக்கு நான் கற்றுத் தருகிறேன். என் தாயாரின் நோட்டுப்புத்தகம் என்னிடம் இருக்கிறது, பென்சில் எழுத்து சற்று மங்கியிருந்தாலும் வாசிக்க முடிகிறது. இப்போதைக்குப் பாட முடியாத நிலையில் இருக்கிறவர்களும் வரலாம். பின்வரிசையில் மின்விசிறி நன்றாக ஓடுகிறது. அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள், பாடும்படி ஒருவரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.