மலையிறங்கும் வெயிலும் என் மூக்குக் கண்ணாடியும்

உச்சி வெயிலில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, பையும் கையுமாக வீட்டுக்குள் நுழைகிறீர்கள். சமையலறையில் ஒரு நிமிஷம் எதுவுமே தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தில் காலை இடித்துக்கொள்கிறீர்கள். "யார் இதை இங்கே வைத்தது?" என்று வீட்டில் உள்ளவர்களைக் கோபித்துக்கொள்கிறீர்கள். வைத்தது நீங்கள்தான் என்பது கண் தெளிந்த பிறகு ஞாபகத்துக்கு வருகிறது. இல்லையா?

அந்த ஒரு நிமிஷக் குருட்டுத்தனத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு சைக்கிளின் மேல் உட்கார வையுங்கள். அந்தச் சைக்கிளை உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப் பாதையில் விடுங்கள். போன ஜனவரி மாதம் எனக்கு நேர்ந்தது அதுதான்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. கிட்டத்தில் நன்றாகத் தெரியும், தூரத்தில் தெரியாது. கண்ணாடிக்கு மைனஸ் மூன்று பவர். இந்த வயதில் சைக்கிளா என்று கேட்டுவிடாதீர்கள். முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்னதன் பேரில் ஆரம்பித்தது, வலி போன பிறகும் விடவில்லை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2,240 மீட்டர் உயரத்தில் கிளம்பி, பவானி ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது சுமார் 325 மீட்டர். நடுநடுவே சில ஏற்றங்கள் உண்டே தவிர, முக்கால்வாசி தூரமும் மிதிக்கவே வேண்டாம். பிரேக்கைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். "நீ சைக்கிளிலே போ. நான் காரிலே வரேன். விழுந்தா பொறுக்க ஒரு ஆள் வேணுமே!" என்றார் என் கணவர். விளையாட்டாகத்தான் சொன்னார்.

பிரயாணத்துக்கென்று பிரத்தியேகமாக, பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தேன். கடைக் கண்ணாடியில் பார்த்தபோது சினிமா நட்சத்திரம் மாதிரி இருந்தது. அது போதாதா வாங்குவதற்கு?

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். கேத்திப் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் விரிந்து கிடக்கிறது. காரட்டும் முட்டைக்கோஸும் பயிராகும் படிக்கட்டு வயல்கள், சிவப்பும் நீலமுமாகத் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் வீடுகள், எல்லாவற்றின் மேலும் கழுவித் துடைத்த வெயில். இப்படி ஓர் அரைக் கிலோமீட்டர். உடனே யூகலிப்டஸ் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து சாலையை இருட்டாக்கிவிடும். பிறகு மறுபடி வெயில். எல்லநள்ளி தாண்டி அப்படி ஒரு மர நிழலுக்குள் வளைவோடு நுழைந்தேன். எதிரே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது. ஒன்றுமில்லை என்று தோன்றிய இடத்தில் ஒரு சுள்ளிக் கட்டு நடந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஓர் அம்மாள்!

பிரேக்கை இறுக்கினேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் ரத்தம். அந்த அம்மாளின் மேல் படவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றது முன்சக்கரம். அவர் சுள்ளிக் கட்டை இறக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னங்க அம்மிணி, கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குக் கண் தெரியாதோ என்று கவலைப்பட்டுக் கேட்டார். அதுதான் வலித்தது. அன்றைக்கு மீதிப் பாதையைக் காரில்தான் இறங்கினேன்.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு விநாடியில் எட்டு மீட்டர் கடந்துவிடுகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் கண்ணோ ஆமை வேகத்தில்தான் பழகுகிறது. முழுக்கப் பழக அரை மணிகூட ஆகும். வயது ஏற ஏறக் கண்ணின் பாப்பா சிறுத்துப்போகிறது, உள்ளே இருக்கும் லென்ஸும் மங்குகிறது. இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குள் போகிறதாம். இந்த லட்சணத்தில் நான் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தேன்! வெயில் கண்ணாடிகளை 0 முதல் 4 வரை வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். என்னுடையது மூன்றாம் வகுப்பு. நூறு பங்கு ஒளி வந்தால் எட்டிலிருந்து பதினெட்டுப் பங்கைத்தான் உள்ளே விடும். கடற்கரைக்குச் சரி, மர நிழலுக்கு, கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். நான்காம் வகுப்பைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

கோயம்புத்தூரில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். முதலில் வந்த இளைஞர், மேலே தூரம், நடுவே இடைத்தூரம், கீழே படிப்பு என்று எல்லாம் அடங்கிய பிராக்ரஸிவ் லென்ஸை எடுத்துக் காட்டினார். பளபளப்பை அடக்கும் போலராய்டு பூச்சும் போட்டுவிடலாம் என்றார். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"அம்மா, சைக்கிள்லே எப்படி உக்காருவீங்களோ அப்படி இந்த ஸ்டூல்லே உக்காருங்க."

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டு, இல்லாத ஹாண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தேன். "இப்ப நேராப் பாருங்க. என்ன தெரியுதுங்க?" கண்ணாடியின் மேல் விளிம்பு நட்டநடுவே குறுக்கே நின்றது! நிமிர்ந்து உட்கார்ந்தால் அழகாக இருக்கும் ஃபிரேம், குனிந்தால் பார்வையை மறிக்கிறது. சைக்கிளில் குனிகிறபோது நாம் லென்ஸின் மேல் பாகம் வழியாகத்தான் பார்க்கிறோம். ஆகவே ஃபிரேம் புருவம் வரை உயர்ந்திருக்க வேண்டும், அல்லது மேலே விளிம்பே இருக்கக் கூடாது. வாசகிகளே, கண்ணாடிக் கடையில் வெட்கப்படாமல் குனிந்து பாருங்கள். இந்த ஒரு யோசனைக்கே நான் அந்தப் பெரியவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிராக்ரஸிவ் வேண்டாம் என்றார் அவர். அதில் கீழ்ப் பாகம் புத்தகம் படிக்கிற தூரத்துக்கு அமைத்தது. சக்கரத்துக்கு முன்னால் குழி இருக்கிறதா என்று கண்ணைத் தாழ்த்தினால், குழி கலங்கலாகத் தெரியும். "சைக்கிளுக்கு ஒரே பவர், தூரத்துக்கு மட்டும் போதுங்க. படிக்கணும்னா, உங்களுக்கு மைனஸ் மூணுதானே? கண்ணாடியைக் கழட்டினாலே படிக்கலாம்!" தூரப் பார்வை சரியாக இருந்து படிக்க மட்டும் கண்ணாடி தேடுகிறவர்களுக்கு, லென்ஸின் அடியில் சின்ன ஜன்னல் வைத்த பைஃபோகல் பரவாயில்லையாம். போலராய்டையும் தள்ளினார். ஈரத்தின் பளபளப்பை அது அழித்துவிடும். ஆனால் மலைச் சாலையில் இங்கே ஈரம், இங்கே எண்ணெய் என்று நமக்குச் சொல்வதே அந்தப் பளபளப்புதான். சில பேருடைய செல்போன் திரையும் அதன் வழியே பார்த்தால் கறுத்துப்போகும்.

கடைசியில் நான் வாங்கியது, நிழலில் வெள்ளையாக இருந்து வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ். 1960-களில் இதை முதன்முதல் செய்தபோது கண்ணாடிக்குள் வெள்ளி உப்புத் துகள்களை வைத்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் ஒரு வகைச் சாயம். புற ஊதாக் கதிர் பட்டால் சாயத்தின் மூலக்கூறு விரிந்து ஒளியை விழுங்குகிறது. கதிர் நின்றால் மடங்கிக்கொள்கிறது. லென்ஸ் பாலிகார்பனேட். கல் தெறித்தாலும் எளிதில் உடைந்து கண்ணில் குத்தாது. நிறமில்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் பத்து சதவிகிதம் வலுக்கும் என்பதால், ஊட்டியில் இது வீண் செலவு அல்ல. முகத்தைச் சுற்றி வளைந்து வரும் பந்தயக்காரர் கண்ணாடியில் ஆசை இருந்தது. சாதாரண லென்ஸை அப்படி வளைவாக வைத்தால் ஓரங்களில் உலகம் நெளியும், அதற்கென்று கணக்குப் போட்டுச் செய்தால்தான் சரிப்படும் என்றார். விலையைக் கேட்டதும் ஆசை தானே அடங்கிவிட்டது.

பிப்ரவரியில் மறுபடி உதகமண்டலம். காலை ஏழு மணிக்குக் குளிர் எலும்பைத் தொட்டது. ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிக்கொண்டு நின்றபோது, என் மூச்சே மேலே எழும்பிக் கண்ணாடியை மூடியது. உருள ஆரம்பித்ததும் காற்று பட்டுத் தெளிந்துவிட்டது. நின்றால்தான் ஆவி படியும். ஆகையால் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை மூக்கில் சற்று இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

வெயில் ஏறியதும் கேத்திப் பள்ளத்தாக்கின் எதிரே லென்ஸ் அரை நிமிஷத்துக்குள் நன்றாகக் கறுத்துவிட்டது. ஆஹா என்றிருந்தது. அந்த ஆஹா யூகலிப்டஸ் நிழல் வரைதான்! கறுப்பதற்கு அரை நிமிஷம் எடுத்துக்கொண்ட லென்ஸ், வெளுப்பதற்குச் சில நிமிஷங்கள் கேட்டது. விரிந்த சாயத்தை மடித்து வைப்பது சூடு. குளிர்ப் பிரதேசத்தில் அது கறுப்பதும் அதிகம், வெளுப்பதும் தாமதம். பெரியவர் இதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "கண்ணாடி உங்களைக் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. நிழல் வர்றதுக்கு முன்னாடியே பிரேக்கைப் பிடிங்க."

பிடித்தேன். அந்த வளைவுக்கு இருபது முப்பது மீட்டர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்புக் கறுப்பைப்போல் இல்லை. நிழலுக்குள் மங்கலாகவாவது எல்லாம் தெரிந்தது. மூன்று சுள்ளிக் கட்டுகள் வரிசையாக. மணியை அடித்தேன். கடைசியாக நடந்தவர் திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு.

"இன்னிக்குக் கண்ணு தெரியுதுங்களா, அம்மிணி?"

"தெரியுதுங்கம்மா!" என்றேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது.

அரவங்காடு, வெல்லிங்டன், குன்னூர். குன்னூரில் மஞ்சு இறங்கியிருந்தது. லென்ஸ் முழு வெள்ளை. எதிரே வந்த பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இருந்ததால், பின்னால் வந்த லாரியின் விளக்கு லென்ஸின் உட்புறம் பட்டுக் கண்ணைக் குத்தவில்லை. அதற்குக் கீழேதான் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 14. பிரேக் பிடித்துப் பிடித்துக் கை வலித்ததால் அடிக்கடி நின்றேன். பர்லியாரில் மங்குஸ்தான் மரங்கள் இருக்கின்றன, பழம்தான் இல்லை. சாலை ஓரத்துக் குரங்குகளுக்கு என் கண்ணாடியின் மேல் ஒரு நோட்டம் இருந்தது. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தேனோ, பிழைத்தேன்.

கல்லாறு நெருங்கக் காற்று சூடாகிவிட்டது. மலைமேல் கன்னங்கரேல் என்றிருந்த லென்ஸ், இங்கே அதைவிடப் பளீரென்ற வெயிலில் வெறும் பழுப்புத்தான் காட்டியது. சூட்டில் சாயம் சீக்கிரம் மடங்கிக்கொள்கிறது. ஹெல்மெட்டின் முன்விளிம்பைத் தாழ்த்திக்கொண்டு பாக்குத் தோப்புகளின் வழியே போனேன். மரங்களின் நிழல் கோலம் போட்டது மாதிரி சாலையில் விழுகிறது. வெயிலும் நிழலும் ஒரு மீட்டருக்கு ஒரு தரம் மாறினால் எந்த லென்ஸ்தான் என்ன செய்யும்? மெதுவாகவே போனேன்.

மேட்டுப்பாளையத்தில் ஓட்டலில் என் கணவர் இட்லிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சாப்பிட்டு முடித்துப் பில் வந்தது. பையைத் தடவினார், காரில் தேடினார், படிக்கிற கண்ணாடியை ஊட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையை நீட்டிப் பில்லைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு, வெறுங்கண்ணால் படித்தேன்.

"இட்லி இரண்டு செட், வடை ஒன்று, காப்பி மூன்று. காப்பி யாருக்கு மூன்று?"

"நீ வர்றதுக்கு நேரமாச்சே!" என்றார்.