காலும் கையும் கற்கும் வடிவியல்

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களைக் காணச் செல்வோர் அவற்றின் அடிப்பகுதியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மேற்பகுதியில் நுணுக்கம் நிறைந்திருக்க, அடிப்பகுதி முழுமை பெறாமல் நிற்கும். கி.பி. 7ஆம் நூற்றாண்டுச் சிற்பியர் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தனர் என்பதற்கு அதுவே சான்று. செதுக்கிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவே, முதல் உளி படுமுன்னரே முழு வடிவமும் சிற்பியின் உள்ளத்தில் நின்றிருத்தல் வேண்டும். கண்முன் இல்லாத பொருளை மனத்துள் நிறுத்தி, திருப்பி, அதன் மறுபக்கத்தையும் காணும் இவ்வாற்றலை இடஞ்சார் சிந்தனை என்பர்.

இவ்வாற்றல் எங்கிருந்து வருகிறது? 1963இல் அமெரிக்க உளவியலார் ரிச்சர்டு ஹெல்டு, ஆலன் ஹெயின் ஆகியோர், இருளில் வளர்ந்த பூனைக்குட்டிகளை இணை இணையாக நாள்தோறும் சிறிது நேரம் கோடிட்ட சுவர்களுக்கிடையே ஒளியில் விட்டனர். ஒரு குட்டி தன் கால்களால் நடந்தது. மற்றொன்று, அது இழுத்த தொட்டிலில் அமர்ந்து சுற்றி வந்தது. இரண்டும் கண்ட காட்சி ஒன்றே. ஆயினும், நடந்த குட்டி பள்ளம் கண்டு விலகியது. சுமக்கப்பட்ட குட்டிக்கு ஆழம் புலப்படவில்லை. பின்னர்த் தடையின்றி உலவ விட்டதும் அதற்கும் அத்திறன் வாய்த்தது என்பது ஆறுதல்.

பூனைக்கு உற்றதை மனிதக் குழந்தைக்கும் அப்படியே பொருத்திவிடுதல் தகாது. எனினும், ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதம் பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கப் பழகிய சிறுமியர், மனத்தளவில் உருவங்களைப் பெருங்கோணத்தில் திருப்பிப் பார்ப்பதில் பழகாதவரினும் விரைவு பெற்றனர். அவர்தம் மதிப்பெண் உயர்ந்தது என்று அவ்வாய்வு கூறவில்லை, நாமும் கூறவேண்டுவதில்லை.

இக்கடற்கரை மீனவர்க்கு இது புதிதன்று. கலங்கரை விளக்கும் ஒரு கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெரியும்படி படகை நிறுத்தினால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அது மட்டும் போதாது. வேறொரு திசையில் இன்னோர் இணை அடையாளமும் வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே வலை வீசும் இடம். ஆயத்தொலை வடிவியல் என்று நாம் வகுப்பறையில் பயில்வதை, ஆடும் படகில் கால் ஊன்றி நின்றே அவர்கள் கற்றனர். கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிலும் சிறாரும் அவ்வாறே: அலை எழும் இடம், பலகை சாயும் கோணம், எழுந்து நிற்கும் கணம் ஆகிய மூன்றையும் அவர்தம் உடல் ஒருசேரக் கணிக்கிறது.

1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. சிற்பம் பயில்வோர் ஏட்டில் அளவு கற்பதோடு அமைவதில்லை. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பக்கந்தோறும் உளி பிடித்தாக வேண்டும். பொதுப் பள்ளிகளிலோ, தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளைதான். கணக்குக்காகவே அது பறிக்கப்படுவது வியப்பு!

தெருவில் பாண்டி ஆடும் சிறுமியைப் பாருங்கள். தரையில் வரைந்த கட்டங்களை ஒருமுறை நோக்குகிறாள். பின்னர் முகத்தை வானோக்கி நிமிர்த்தி, கோட்டை மிதிக்காமல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறாள். “சரியா?” என்று கேட்கிறாள். “சரி” என்கின்றனர் தோழியர். அடுத்த கட்டத்துக்குக் காலை நீட்டுகிறாள்.