உலர்ந்த வாயும் ஒளித்த உண்மையும்

என் கணவர் மறைந்து ஓராண்டு சென்றபின், கரும்பலகையின் முன் நிற்கும்போதே காரணமின்றிக் கண்ணீர் பெருகலாயிற்று. உறக்கமும் பசியும் என்னை விட்டகன்றன. மகளின் வற்புறுத்தலால் மனநல மருத்துவரை அணுகினேன். அவர் இதனை மனச்சோர்வு நோய் என்று கூறி, இரவுதோறும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை உட்கொள்ளுமாறு பணித்தார். சில வாரங்களில் உள்ளத்தின் இருள் மெல்ல விலகிற்று.

வாயோ பாலைநிலம் போலாயிற்று. பாடம் நடத்துகையில் நாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின்றி ஒரு கவளமும் இறங்காது. இதற்குப் பரிகாரமென்று எண்ணி, கற்கண்டையும் புதினா மிட்டாயையும் நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொண்டேன். ஓராண்டு முடிவதற்குள் ஈறோரங்களில் பற்கள் கருத்துச் சொத்தையாயின.

"வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று பல் மருத்துவர் வினவினார். "இல்லை" என்றேன். அது பொய். மனநோய்க்கு மருந்துண்ணும் ஆசிரியை என்று ஊரார் பேசுவார்களே என்ற அச்சம் என் வாயை அடைத்தது. இரண்டு பற்களைப் பிடுங்க நேர்ந்தது. மாத்திரையின்மேல் எனக்கே ஐயம் எழவே, ஒருவரிடமும் கூறாமல் அதனைத் திடீரென நிறுத்திவிட்டேன். முதலில் குமட்டலும் உறக்கமின்மையும் வந்தன. பின்னர்ப் பழைய இருளே திரும்பிற்று. படுக்கையை விட்டு எழ மனமில்லாது கிடந்த என்னைப் பார்த்து மகள் கதறினாள்: "பல் போனால் கட்டிக்கொள்ளலாம், அம்மா. நீங்கள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?"

மறுநாளே அவளுடன் சென்று பல் மருத்துவரிடம் உண்மையை உரைத்தேன். அவர் கடிந்துகொள்ளாமல் பொறுமையுடன் விளக்கினார். நம் வாயில் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. சர்க்கரையை உண்ணும் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை அது தணிக்கிறது. பல் இழக்கும் சுண்ணாம்புச் சத்தை மீண்டும் அளிக்கிறது. சுரப்பிகளுக்கு நரம்புகள் அசெட்டில்கோலின் என்னும் வேதிப்பொருளின் வாயிலாகக் கட்டளையிடுகின்றன. அக்கட்டளையை இம்மருந்து தடுத்துவிடுகிறது. காவல் நீங்கிய வாயில் நானோ இனிப்பை இட்டுக் கிருமிகளை வளர்த்திருந்தேன்!

மனநல மருத்துவர் வாயை அவ்வளவாக உலர்த்தாத வேறொரு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். பல் மருத்துவரின் சொற்படி ஃபுளோரைடு கலந்த பற்பசையால் இருவேளையும் பல் துலக்குகிறேன். அடிக்கடி ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் பருகுகிறேன். மிட்டாய்க்குப் பதிலாகச் சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லுகிறேன். சில மாதங்களுக்கொரு முறை பற்களைக் காட்டி வருகிறேன். இப்போது வாயும் ஓரளவு ஈரமாயிருக்கிறது, உள்ளமும் தெளிந்திருக்கிறது.

இம்மருந்தை உண்போர் நம் இல்லங்களிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வாய் உலர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், பல் மருத்துவரிடம் எதனையும் மறைக்காதீர்கள். இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்பதைக் கூச்சமின்றிச் சொல்லும் நாம், மனத்தின் நோய்க்கு மருந்துண்பதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? அதனை ஒளித்ததற்கு நான் கொடுத்த விலை இரண்டு பற்கள். அதனினும் பெரிய விலையைக் கொடுக்காமல் என் மகள் என்னைக் காத்தாள்.